மறுபடியும் அந்த ஃபேன்

டேபிள் ஃபேன் மறுபடியும் வந்து மேஜைமேல் உட்கார்ந்திருந்தது. ரிப்பேர் கடை முதலாளிக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன வாரம் அவரே தன் கையால் சரிசெய்து அனுப்பியது அது.

"யார் வீட்டு ஃபேன்யா இது?"

"குடுத்தாங்க, கொண்டாந்தேன் சார்" என்று நழுவினார் வேன் டிரைவர்.

ஒரு காலத்தில் முதலாளியும் வெறும் மெக்கானிக்தான். ஒற்றை அறை, ஒரு ஸ்டூல், சட்டையெல்லாம் கிரீஸ். மச்சினன் கூட்டுச் சேர்ந்த பிறகு கடை நாலாகிவிட்டது. வேலைக்கு ஆட்கள் வந்தார்கள்; இவருக்குக் கண்ணாடி அறையும் சுழல்நாற்காலியும் வந்தன. பணம் கொட்டியது. பாழாய்ப்போன கைதான் சும்மா இருக்க மாட்டேன் என்றது. அதனால்தான் இந்த ஃபேன் முதலில் வந்தபோது, "இதை யாரும் தொடாதீங்க" என்று கண்ணாடி அறைக்கே தூக்கிக்கொண்டு போனார்.

கண்டென்சரை மாற்றினார். அடுத்த வாரமே ஸ்விட்ச் உடைந்து வந்தது. ஸ்விட்சை மாற்றினார். அதற்கடுத்த வாரம் உள்ளே வயர் அறுந்து வந்தது. சலிக்காமல் மொத்தத்தையும் கழற்றி, விசிலடித்துக்கொண்டே மாட்டினார். அன்று வீட்டில் சாப்பிடும்போதும் அதே பேச்சுதான்.

"ஏங்க, உள்ள இன்னும் என்னதான் இருக்கு?" என்று மனைவியும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

இப்போது என்னவென்றால், இறக்கை அசையவே மாட்டேன் என்கிறது.

மச்சினன் பொரிந்து தள்ளினான். "மாமா, இன்னும் ஆறு கடை திறக்க ஒருத்தன் பணத்தோட நிக்கிறான். நீங்க இந்த ஓட்டை ஃபேனைக் கட்டிக்கிட்டு அழுறீங்க!"

"இன்னொரு தடவை இது திரும்பி வரட்டும். அப்புறம் டூல்ஸையே தொடமாட்டேன். நீ சொல்ற இடத்துல கையெழுத்துப் போடுறேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

அடுத்த வாரம் டிரைவர் ஃபேனோடு வந்து நின்றார். இந்தத் தடவை பிளக்கையே காணோம்.

மச்சினன் பேனாவை நீட்டினான். முதலாளி தன் பழைய ஸ்குரூடிரைவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் போட்டார்.

"என் கை போயிடுச்சுடா" என்றபடி பேனாவை வாங்கினார்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "அப்ப அக்காகிட்ட நான் என்ன சார் சொல்றது?"

"எந்த அக்கா?"

"உங்க வீட்டம்மாதான் சார். இதை ரிப்பேர் பண்ற அன்னைக்கு மட்டும்தான் நீங்க சிரிச்ச முகமா வீட்டுக்கு வர்றீங்களாம். அதான் வாராவாரம் அவங்களே பிரிச்சுக் கெடுத்துக் குடுத்தனுப்புறாங்க."