அப்பாவுக்கு வாசல் எண் தெரியாது

அன்புள்ள அக்காவுக்கு, தேகுவிலிருந்து தம்பி குவாங்-சிக் வணங்கி எழுதுவது. புசானில் நீயும் அத்தானும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை.

போ-ரமின் பத்தாவது பிறந்தநாளுக்கு நீ அனுப்பினாயே, உலகத்துப் பிள்ளைகள் எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று எட்டுப் புத்தகங்கள், அவற்றை வியாழக்கிழமைக்குள் வந்து எடுத்துக்கொண்டு போய்விடு. அன்றைக்கு அப்பாவின் நினைவுநாள் படையல், பெரியப்பா வருகிறார். என் மகள் படிப்பதோடு நிற்பதில்லை, செய்தும் பார்க்கிறாள். நோன்புப் புத்தகம் படித்த வாரம் பள்ளியில் சாப்பாட்டைத் தள்ளிவிட்டாள், டீச்சர் என்னைக் கூப்பிட்டு வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று விசாரித்தார், சின்னப் பிள்ளைகளுக்கு நோன்பு இல்லை என்று அதே புத்தகத்தில் காட்டித்தான் சாப்பிட வைத்தேன். அடுத்தது யூதர்களின் ஓய்வுநாள், அன்றைக்குப் போனைத் தொடக் கூடாதாம், வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் என் போனைக் கிம்ச்சி ஊறுகாய்ப் பெட்டிக்குள் ஒளித்துவிட்டாள், மேனேஜர் பதினோரு தடவை கூப்பிட்டிருக்கிறார். பிறகு சமணம். வீட்டில் கொசு அடிக்கத் தடை. என் மனைவி சொறிந்துகொண்டே உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். கடைசிப் புத்தகம் நம் நாட்டைப் பற்றியது. யாரோ வெளிநாட்டுக்காரர் எழுதியது, நமக்குத் தெரியாததா என்று அசட்டையாக இருந்துவிட்டேன். நேற்று சாப்பிடும்போது கேட்கிறாள்: "அப்பா, படையலப்போ செத்தவங்க உள்ள வர்றதுக்கு வாசக்கதவத் தொறந்து வைக்கணுமாமே. நம்ம கதவு தானாப் பூட்டிக்குமே?"

பழைய வீட்டில் அம்மா கதவைத் திறந்து வைத்தது ஊதுவத்திப் புகை போவதற்கு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இந்த அடுக்குமாடிக்கு வந்த பிறகு புகை பெரிதாக இல்லை, திறக்கவில்லை. போ-ரம் விரல் விட்டு எண்ணினாள்.

"அப்போ தாத்தா ஆறு வருஷமா வெளியவா நிக்கிறாரு?"

அக்கா, எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா பசி தாங்க மாட்டார், உனக்குத் தெரியும். பெரியப்பா முன்னால் இவள் இதைக் கேட்டால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? கோபித்துக்கொள்ளாமல் புத்தகங்களை எடுத்துப் போய்விடு.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
நிம்மதி இழந்த தம்பி
குவாங்-சிக்

பி.கு.: கட்டடத்தின் கீழ் வாசலிலும் எண் அழுத்தினால்தான் திறக்கும் என்று போ-ரமுக்குக் கவலை. அந்த எண்ணையும் எங்கள் வீட்டுக் கதவுப் பூட்டின் எண்ணையும் தாளில் எழுதி வாசலில் ஒட்டிவிட்டாள். காவலாளி சத்தம் போட்டார், கிழித்துவிடுகிறேன் என்று இறங்கிப் போனேன். எல்லாம் பொடி எழுத்து. அப்பாவுக்குக் கண் மங்கல் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? வேறு தாளில் உள்ளங்கை அகலத்துக்கு எழுதி ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். நீ புத்தகம் எடுக்க வர வேண்டாம், படையலுக்கு வா. எண் வாசலிலேயே இருக்கிறது.