துருவுக்கு இரண்டு கோட் ரெட் ஆக்சைடு

ஓய்வு பெற்ற பொறியாளரை வீட்டில் தனியே விட்டுச் செல்லக் கூடாது. கைக்குழந்தையையாவது தொட்டிலில் போட்டுவிட்டுப் போகலாம்.

என் மருமகள் ஸ்டெல்லா ஓவியக் கலைஞர். ஆனால் தூரிகையைத் தொடமாட்டாள். வினிகரில் நனைத்த காடாத் துணியைத் துருப்பிடித்த இரும்பில் சுற்றி வைப்பாள். துரு துணியில் இறங்கிப் படமாகும். முதல் கண்காட்சிக்காக முட்டம் கடற்கரையில் மாதக்கணக்கில் அலைந்து ஒரு பழைய நங்கூரத்தைக் கொண்டுவந்திருந்தாள். மற்ற இரும்பில் துரு ஒரே சீராக ஏறுமாம். உப்புக்காற்று தின்ற இரும்பில்தான் திட்டுத்திட்டாகப் பூக்குமாம்.

(இதையெல்லாம் என்னிடம் முன்பே சொல்லியிருந்தாளாம். நான் செய்தித்தாளுக்குள் இருந்தேனாம்.)

அவள் துணி வாங்க வடசேரிக்குப் போன நேரம், கொல்லையில் அந்த நங்கூரத்தைப் பார்த்தேன். காலமெல்லாம் பாலங்களைப் பராமரித்த கை சும்மா இருக்குமா? விதிப்படி கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி துரு ஏறாதிருக்க ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்தேன். முதல் கோட் காய்ந்த பிறகே இரண்டாவது. அதிலெல்லாம் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

சாயங்காலம் துணிக்கட்டோடு வந்தவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்காட்சிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. இன்னொரு நங்கூரம் தேட நேரமில்லை.

"மாமா, இதுல துரு இருந்துச்சே?"

"சுத்தமா எடுத்தாச்சு மக்கா," என்றேன், பாராட்டை எதிர்பார்த்து.

என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஆபீஸ்ல வாங்கின ரிட்டயர்மென்ட வீட்லயும் வாங்கியிருக்கலாம்லா?"

ஸ்டெல்லா அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகக் கேட்டாள்: "சுரண்டின பொடிய என்ன செஞ்சிய?"

கழிவுப் பொருளை அனுமதியின்றி அப்புறப்படுத்துவது விதிமீறல். ஆகவே ஊறுகாய்ப் பரணியில் போட்டு மூடி வைத்திருந்தேன். (அனுமதி தர வேண்டிய அதிகாரியும் நான்தான். முடிவு நிலுவையில் இருந்தது.)

பரணியைப் பிள்ளையைப் போல வாங்கிக்கொண்டாள். நனைத்த துணியை விரித்து, புட்டுக்குத் தேங்காய்ப்பூ தூவுவதுபோல் தூவினாள். நாலைந்து நாள் கழித்துத் துணியை அலசி விரித்தபோது, அதில் முட்டத்துப் பாறையில் அலை அடித்துச் சிதறிக் கிடந்தது. நங்கூரத்தில் சுற்றி வைத்திருந்தால் இந்தச் சிதறல் வந்திராது என்றாள். என் மனம் நோகாதிருக்கச் சொன்னாளோ என்னவோ. வேறு ஒருத்தி என்றால் அன்றே பெட்டி கட்டியிருப்பாள்.

கண்காட்சியில் அந்தப் படத்தின் கீழே ஓர் அட்டை இருந்தது: 'பொருட்கள்: காடாத் துணி, வினிகர், துரு, மாமனார்.' வாழ்நாளில் எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ்களில் அதை மட்டும்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

இன்றும் நான் எதையாவது துடைக்க எழுந்தால், என் மனைவி உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்: "ஸ்டெல்லா, மாமா எழும்பியாச்சு. பரணிய எடு மக்கா."