மக்ரூன் அனுப்பும் டூல்

"ஏலே பெர்சி, கொச்சிக்காரரு காலையில இருந்து போன் மேல போன் போடுதாரு. அவரு கன்டெய்னர் கடல்ல விழுந்துருச்சான்னு கேக்காரு," என்றார் முதலாளி ஜெபசிங் அண்ணாச்சி.

"விழலியே அண்ணாச்சி."

"பெறவு எதுக்குலே அவருக்கு மக்ரூன் போச்சு?"

பெர்சிக்கு அப்போதுதான் உறைத்தது. கன்டெய்னர்களைக் கப்பலேற்றிவிடும் அந்த அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. சரக்கு சிக்கலில் மாட்டினால், வாடிக்கையாளருக்கு முதலில் ஒரு கிலோ மக்ரூன் போகும். கெட்ட செய்தி பின்னால் போகும். தூத்துக்குடி மக்ரூன் என்றால் ஊரெல்லாம் நாக்கில் எச்சில் ஊறும். இவர்களுடைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் பயம் ஊறும்.

இந்த வேலைகளைப் பார்க்கத்தான் ஏஐ ஏற்பாடாகியிருந்தது. சென்னைக் கம்பெனிக்காரர்கள் விஷயத்தைச் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். டிரெய்லர் கூப்பிட ஒரு டூல், மெசேஜ் அனுப்ப ஒரு டூல், மக்ரூன் அனுப்ப ஒரு டூல். ஒவ்வொன்றின் கீழும் அது எதற்கு, எப்போது என்று எழுதிவிட வேண்டும். ஏஐ அதை வாசித்து அதன்படி நடக்கும். எழுதாதது எதுவும் அதற்குத் தெரியாது.

எழுதும் பொறுப்பு பெர்சி தலையில் விழுந்தது. கம்ப்யூட்டர் மாடியறையில் இருந்தது; யாரும் மேலே போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்பது அண்ணாச்சியின் உத்தரவு. பெர்சி கீழே உட்கார்ந்து மக்ரூன் டூலுக்கு எழுதியது: "தேவைப்படும்போது பயன்படுத்தவும்."

"தேவைன்னா எதுலே தேவை?" என்றார் அண்ணாச்சி. "மேல ஒரு தப்பும் இல்ல. எழுதியிருக்கத வச்சுத்தானே செய்ய முடியும்? உன் எழுத்துலதான் கோளாறு. நாளைக்கு பாஸ்கல் அண்ணனோட இறால் ஏறுது. அவருக்கு மட்டும் மக்ரூன் போச்சோ, மனுசன் நம்மள விட்டுப் போயிருவாரு. அவரு போனா நீயும் பின்னாலயே போயிரு."

பெர்சிக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெண் வீட்டார் சாத்தான்குளத்து ஆசிரியர் குடும்பம். வேலை போன மாப்பிள்ளைக்காக அவர்கள் ஜெபம் செய்வார்கள். பெண் கொடுக்க மாட்டார்கள்.

அவன் உடனே திருத்தினான்: "சரக்கு தாமதமானால் மட்டும் அனுப்பவும்."

அன்று பார்த்துக் காற்று பலமாக அடித்து, கப்பலே தாமதம். கப்பலில் ஏற வேண்டிய அத்தனை சரக்கும் தாமதம். அத்தனை பேருக்கும் மக்ரூன் போனது. பேக்கரிக்காரர் கையிருப்பு தீர்ந்து பக்கத்துக் கடையில் வாங்கிக் கொடுத்தார். பாஸ்கலின் இறால் மறுநாள் கணக்கு என்பதால் அவர் தப்பினார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெகுநேரம் ஏஐயிடமிருந்து சத்தமே இல்லை. சர்வரில் கூட்டம் போல என்று பெர்சி நினைத்துக்கொண்டான்.

அந்த இடைவெளியில் இன்னொரு வரி சேர்த்தான்: "அனுப்பும் முன், பயப்பட ஒன்றுமில்லை என்று வாடிக்கையாளருக்குச் சொல்லவும்."

சொன்னது. "உங்கள் சரக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பயப்பட வேண்டாம். மக்ரூன் வருகிறது."

காயல்பட்டினத்து ஏற்றுமதியாளர் முத்துவாப்பா இதை வாசித்துவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார்.

"எங்கன தம்பி எரியுது? உண்மையச் சொல்லு."

"ஒண்ணும் எரியல காக்கா," என்றான் பெர்சி, அவர் ஊர் வழக்கப்படியே அவரை அண்ணனாக்கி.

"எரியாமலா மக்ரூன் வருது?"

யார்டுக்குக் கூட்டிப்போய்க் கன்டெய்னரைக் காட்டியும் அவர் நம்பவில்லை. நாலு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு, பெர்சியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்.

"கோபமாக இருப்பவர்களுக்கு மட்டும் அனுப்பவும்," என்று பெர்சி மாற்றினான். அதற்குள் எல்லோருமே கோபமாக இருந்தார்கள். எல்லோருக்கும் இரண்டாவது கிலோ போனது.

பெர்சியின் பொறுமை பறந்தது. கல்யாணப் பத்திரிகை கண்முன் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு டைப் அடித்தான்:

"இனி யாருக்கும் மக்ரூன் அனுப்பாதே. பாஸ்கலுக்கு அனுப்பவே அனுப்பாதே. உனக்கு மூளை கிடையாது. இருப்பதாக நினைத்துத்தான் இவ்வளவையும் கெடுத்தாய். ஓர் எருமையை உட்கார வைத்திருந்தால்கூட இதைவிட ஒழுங்காகச் செய்திருக்கும். எழுதியதை மட்டும் செய். மற்ற நேரம் வாயை மூடிக்கொண்டு கிட. இப்படிக்கு, பெர்சி."

அதன்பின் அன்று முழுக்க ஏஐ மௌனம். அப்டேட் ஓடுகிறது போலும்.

மறுநாள் எல்லாம் எண்ணெய் போட்டதுபோல் நடந்தது. டிரெய்லர் சொன்ன நேரத்துக்கு வந்தது. இறால் கப்பலேறியது. பாஸ்கலே போன் செய்தார்.

"பெர்சி, இன்னைக்கு ஒரு மக்ரூனும் வரலடே. அதுலயே மனசு குளுந்துபோச்சு. நம்ம சரக்கு இனி எப்பவும் உங்ககிட்டதான்."

பெர்சிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. வேலையும் பிழைத்தது, கல்யாணமும் பிழைத்தது. அண்ணாச்சி மேலே வரச் சொன்னதாகத் தகவல் வந்தபோது, சம்பள உயர்வுதான் என்று முடிவே செய்துவிட்டான். தலையை வாரிக்கொண்டு மாடிப்படி அருகே வந்தவன், வரவேற்பில் இருந்த விஜிலாவிடம் சற்று நின்றான்.

"பாத்தியா விஜிலா? மிஷினா இருந்தாலும் நறுக்குன்னு நாலு கேள்வி கேட்டாத்தான் வழிக்கு வருது."

விஜிலா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"மிஷினுக்கு லைனே வர்ற திங்கக்கெழமதான் குடுக்காவ அண்ணே. அதுவரைக்கும் நீங்க எழுதுனது சரியா இருக்கான்னு பாக்க மேல உக்காந்து அதை வாசிச்சு வாசிச்சு வேலை செஞ்சது அண்ணாச்சியோட புது மருமவன்லா."