முட்டைக்கு முன்னறிவிப்பு

மனிதகுலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு நெருப்பு என்கிறார்கள், சக்கரம் என்கிறார்கள். சுங்க அலுவலகப் படி ஏறாதவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் 'முன்பண முன்னறிவிப்பு விதி'க்கு ஈடாக இன்னொன்று இனிப் பிறந்துதான் வரவேண்டும். வெளிநாட்டுச் சரக்குக்கு அந்நியச் செலாவணியில் முன்பணம் அனுப்புகிறவர், சரக்கு வந்து இறங்குமுன் சுங்கத்துக்கு அறிவித்துவிட வேண்டும். பணம் போனதற்குப் பொருள் வருகிறதா என்று அவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்கள். தேசத்தின் செல்வம் ஒரு துளியும் ஒழுகாது.

நான் வரவழைத்தது முட்டை. உயர்ரகக் கோழிகளின், அடைவைக்கிற முட்டை. கோழிப்பண்ணை என் மனைவியின் கனவு. அதற்காகத் தையல் கம்பெனி வேலையை உதறிவிட்டு, படுக்கையறையில் இன்குபேட்டரைக் குடியேற்றி, எங்கள் பாயைச் சமையலறைக்கு நாடு கடத்தியிருந்தாள்.

முட்டை கப்பலேறும் முன்பே அறிவிப்பை எழுதிக்கொண்டு போனேன். அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"சரக்கு எங்கே?"

"இன்னும் வரலை சார்."

"வராத சரக்குக்கு எப்படிங்க முத்திரை குத்தறது? வந்ததும் வாங்க."

வந்ததும் போனேன்.

"வந்தப்புறம் சொன்னா அது முன்னறிவிப்பா?" என்று மனம் நொந்தார். எனக்கே வெட்கமாகிவிட்டது.

இதைத் தீர்க்க 'உயர்மட்டக் கூட்டம்' கூடியது. டீ வந்தது, பிஸ்கட் வந்தது, முடிவு மட்டும் வரவில்லை. கூட்டத்தை அவர்கள் மறுபடி மறுபடி ஒத்திவைத்துக்கொண்டிருந்தபோது முட்டைகளைப் பூட்டி வைத்திருந்த சுங்கக் கிடங்குக்குள்ளிருந்து கீச்கீச் என்று சத்தம். கிடங்கின் தகரக் கூரை, எங்கள் இன்குபேட்டரின் வேலையைச் சம்பளமில்லாமல் செய்து முடித்திருந்தது.

"பொரிச்சிடுச்சுங்க! கூடையை எடுங்க!" என்று குதித்தாள் என்னோடு வந்திருந்த மனைவி.

"நில்லுங்கம்மா," என்றார் அதிகாரி. "நீங்க பணம் கட்டினது முட்டைக்கு. முட்டை வரலை. அப்போ அந்நியச் செலாவணி எங்கே போச்சு? வந்திருக்கறது குஞ்சு. இதுக்கு யாரு பணம் கட்டினது?"

"முட்டையிலருந்துதானே சார் குஞ்சு வந்துச்சு?"

"அது உங்க கருத்து."

அவள் அங்கேயே அழுதுவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ஒரே பெட்டிக்குள் இரண்டு குற்றம் கண்டுபிடிக்கும் விதியை மெச்சாமல் இருக்க முடியுமா?

குஞ்சுகள் 'வழக்குச் சொத்து' ஆகி, அலுவலகத்தின் பின்கட்டில் வளர்ந்தன. மனைவி தினமும் தீனி வாங்கிக்கொண்டு போய், ஜெயிலில் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி கம்பிவலை வழியாகப் பார்த்துவிட்டு வருவாள். நல்ல கொழுகொழு கோழிகள் ஆகிவிட்டன என்று பூரித்துப்போவாள்.

ஒருநாள் அதிகாரியே போன் செய்தார். "வாழ்த்துக்கள் சார்! நீங்க முன்பணம் கட்டின முட்டை வந்து சேர்ந்துடுச்சு. அறிவிப்புக்கும் சரக்குக்கும் அப்படியே பொருந்துது. கேஸ் முடிஞ்சுது!"

ஓடினோம். முட்டைக்கு முட்டை முத்திரை குத்தி, கூடையில் அடுக்கிக் கொடுத்தார்கள். மனைவி பின்கட்டை எட்டிப் பார்த்தாள். அங்கே இறகுகள்தான் பறந்துகொண்டிருந்தன.

"சார், இதைப் போட்ட கோழிங்க?"

"கோழியா? அறிவிப்புல கோழின்னு எங்கேயும் இல்லையேம்மா," என்றபடி அதிகாரி அவசரமாகச் சாப்பாட்டு டப்பாவை மூடப் பார்த்தார். மூடி உட்காரவில்லை. ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ஆகவே மறுபடியும் அடித்துச் சொல்கிறேன்: அந்த அலுவலகத்திலிருந்து தேசத்தின் செல்வம் ஒரு துளியும் ஒழுகாது. ஏப்பம் மட்டும்தான் வெளியே வரும்.