ஜி பாய்க்குத் தெரிந்த ஓர் எழுத்து

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் காய்கறிக் கடை வைத்திருந்த ஜி பாய் அளவுக்கு ஆங்கிலம் அறிந்தவர் உலகத்திலேயே கிடையாது. ஆனால் ஒரே ஓர் எழுத்தில் மட்டும்.

பொட்டலம் கட்ட எடைக்கு வாங்கிய பழைய காகிதத்தில், சொற்கள் பிறந்த கதையைச் சொல்லும் ஆங்கில அகராதி ஒன்றின் 'ஜி' பக்கங்கள் அவருக்குக் கிடைத்திருந்தன. மற்றக் காகிதமெல்லாம் பச்சை மிளகாயோடு போய்விடும். ஜி மட்டும் கல்லாவுக்குள் பத்திரமாக இருக்கும்.

"கால் கிலோ ஜிஞ்சர்" என்று யாராவது கேட்டால் தொலைந்தார்கள். தராசு அந்தரத்தில் நிற்கும்.

"இங்கிலீஷ்காரன் பிரெஞ்சுக்காரன் கைலேர்ந்து வாங்கிகினான் சார். அவனுக்கு லத்தீன் குடுத்துச்சு, லத்தீனுக்கு கிரேக்கம், கிரேக்கத்துக்கு பாலி. பாலிக்கு யாரு குடுத்தா? நாம சார்! நம்ம இஞ்சி வேரு!"

இதைக் கேட்டு நான் தாம்பரத்தில் தவறவிட்ட ரயில்கள் எத்தனையோ. ஒருமுறை வாய்தவறி 'குடோன்' என்று சொல்லிவிட்டு, மலாய்க்காரர் வழியாகக் கிடங்கு வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒருநாள் முகம் வெளுத்து நின்றார். மகளுக்கு எல்.கே.ஜி. சீட் கேட்டிருந்தார். இரண்டாயிரங்களில் எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் குழந்தையை விட்டுவிட்டுப் பெற்றவர்களைத்தான் பேட்டி எடுப்பார்கள், அதுவும் ஆங்கிலத்தில்.

"நான் ஃபெயிலானா பொண்ணுக்கு சீட் கெடைக்காது சார். இன்னா பண்றதுன்னே தெர்ல. கூட வாங்க."

ஐந்து பதில்கள் எழுதிக் கொடுத்து உருப்போட வைத்தேன். பெண்ணின் மாமா என்று சொல்லிக்கொண்டு நானும் உள்ளே நுழைந்தேன். தலைமையாசிரியை முதல் கேள்வி கேட்டதுமே ஐந்து பதிலும் பாய்க்கு மறந்துவிட்டன.

நல்லவேளை, அந்த அம்மாளுக்கு இருமல் வந்தது. பாய் சட்டைப் பையிலிருந்து இஞ்சித் துண்டை எடுத்து நீட்டினார்.

"ஜிஞ்சர், மேடம்."

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. பிரெஞ்சு, லத்தீன், கிரேக்கம், பாலி. நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அந்த அம்மாளோ இஞ்சியை மென்றபடி முழுக்கக் கேட்டார்.

"இவ்ளோ சொல்றீங்களே, ஸ்கூல்ங்கற வார்த்தை எங்கேர்ந்து வந்துது?"

பாய் தலை குனிந்தார். "எஸ் பேப்பர் என் கைக்கு வர்ல மேடம். என்கிட்ட ஜி மட்டும்தான் கீது. மிச்சம் இருபத்தஞ்சையும் என் பொண்ணுக்குக் குடுங்க."

அந்த அம்மாள் விண்ணப்பத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

என் ஐந்து பதில்களும் வீண்தான். அதற்கு எனக்குத் துளியும் வருத்தமில்லை. வாசலில் வாயெல்லாம் பல்லாக நின்ற பாயைக் கட்டிக்கொண்டேன். இன்றும் இஞ்சி டீ குடிக்கும்போது அவரை நினைத்துக்கொள்வேன்; நினைத்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவேன்.