கயல்விழிக்குப் பதிலாக வந்த பெருமாள் அண்ணன்

ஆங்கிலேயர்கள் சொல் விஷயத்தில் மகா சிக்கனக்காரர்கள். நாங்கள் ஓடுவதற்கு ஒரு சொல், கடை நடத்துவதற்கு ஒரு சொல், தேர்தலில் நிற்பதற்கு இன்னொரு சொல் என்று தாராளமாகச் செலவழிக்கிறோம். அவர்களோ 'ரன்' என்ற ஒரேயொரு சொல்லை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுகிறார்கள். ஆள் ஓடினாலும் ரன், மோட்டர் இயங்கினாலும் ரன், மண்ணெண்ணெய் முடிந்துபோனாலும் அதற்குள் ஒரு ரன். தேர்தலில் நின்றாலும் ரன் (நிற்பதற்குக்கூட ஓட வேண்டுமாம், என்ன மனிதர்களோ!). அகராதியைத் திறந்தால் அந்தச் சின்னச் சொல்லுக்குப் பக்கம் பக்கமாகப் பொருள் போட்டிருக்கிறது. அத்தனையையும் ஒரே பாடத்தில் பிள்ளைகளின் தலையில் ஏற்றிவிடலாம் என்று நினைக்கத் தனித் துணிச்சல் வேண்டும். இருபத்தைந்து வயதில் அந்தத் துணிச்சல் என்னிடம் நிறைய இருந்தது. ஆங்கிலம்தான் கொஞ்சம் குறைவு.

எனக்கு வீடு கிளிநொச்சியில். முதல் நியமனம் ஒட்டுசுட்டானுக்கும் உள்ளே, காட்டோரத்தில் இருந்த ஒரு சிறிய பாடசாலையில் ஆங்கில ஆசிரியை. தகுதிகாண் காலம் முடியும்போது வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பின்வரிசையில் இருந்து பாடத்தைப் பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் என்ன என்பதை யாரும் எனக்குத் தெளிவாகச் சொல்லவில்லை. அதனால் நானே கற்பனை செய்துகொண்டேன். என் கற்பனையில் நான் வேலை இழந்து, வீட்டில் எல்லோர் முகத்திலும் முழித்தபடி, பக்கத்து வீட்டு மாமி விசாரிக்க வரும்போதெல்லாம் குசினிக்குள் ஒளிந்துகொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் மாதிரிப் பாடம் என்றால் ஒத்திகை இல்லாமல் நடக்காது. கலியாணத்துக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல அதுவும் ஒரு வழமை. ஆனால் நான் வெள்ளையடித்ததோடு நிற்கவில்லை, கூரையையே மாற்றினேன். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ரன் என்ற சொல்லின் ஒவ்வொரு பொருளைப் பங்கிட்டுக் கொடுத்தேன். எழுந்து, கையைக் கட்டி, பெயரும் வயதும் சொல்லி, பிறகு தன் பங்கு வசனத்தை அபிநயத்தோடு சொல்ல வேண்டும். கயல்விழிக்கு மூக்கு ஒழுகுவது கிடைத்தது. இன்னொருவனுக்குக் குழாயில் தண்ணீர் ஓடுவது. இன்னொருத்திக்கு அரை மணித்தியாலத்துக்கு ஒரு பஸ் ஓடுவது. எல்லோரும் சரியாகச் சொன்னால் சந்தேகம் வருமே என்று சுஜீவன் என்ற பிள்ளைக்கு மட்டும் ஒரு பிழையான விடையைக் கொடுத்தேன். ரன் என்றால் நித்திரை கொள்வது என்று அவன் சொல்வான், நான் முகம் சுளிக்காமல் பொறுமையாகத் திருத்துவேன் (அந்தப் பொறுமையையும் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன்).

ஒரு கிழமையாகப் பிள்ளைகள் இதையே வீட்டிலும் சொல்லித் திரிந்தார்கள். பாடத்துக்கு முதல் நாள் பின்னேரம் மணியடிக்கும் நேரத்தில் நான் கடைசி ஆணியையும் அறைந்தேன்.

"நாளைக்கு ஒருத்தரும் வராமல் நிக்கப்படாது. ஒரு ஆள் குறைஞ்சாலும் ரீச்சரின்ரை வேலை போயிடும். விளங்கிச்சுதோ?"

பிள்ளைகளுக்கு மிக நன்றாக விளங்கியது.

மறுநாள் காலை பட்டுச் சேலையோடு போய் இறங்கினேன். வாசலில் நிறைகுடம், குத்துவிளக்கு, சந்தனம் எல்லாம் தயார். என் வகுப்பறையில் மட்டும் ஒரு பிள்ளைகூட இல்லை. பாடசாலை அதிபர் வியர்த்துக்கொண்டு ஓடிவந்தார்.

"பிள்ளை, குடியிருப்புப் பாதையிலை விடியத் தொடக்கம் யானைக் கூட்டம் நிக்குதாம். உங்கட வகுப்பு முழுக்க அந்தப் பக்கத்துப் பிள்ளையள். ஒருத்தரும் வர மாட்டினம்."

"வலயத்து மேடத்துக்குச் சொல்லி இன்னொரு நாளைக்கு வைக்கேலாதோ, சேர்?"

"அவா வந்திட்டா" என்றார் அதிபர். வலயத்து வாகனம் வாசலில் நின்றது. கண்ணாடி போட்ட, சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்த ஒரு அம்மா இறங்கிக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சந்தனம் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் உழவு இயந்திரச் சத்தம் கேட்டது. பின்னால் இழுத்துவந்த பெட்டி நிறைய ஆட்கள். பிள்ளைகள் இல்லை, எல்லாம் பிள்ளைகளைப் பெற்றவர்கள். ஓட்டிவந்தவர் பெருமாள் அண்ணன், கயல்விழியின் தகப்பன். அவருடைய குடும்பம் மலையகத் தோட்டத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறியது. ஆள் நல்ல உயரம், மீசை அதைவிடப் பெரிது. நேராக என்னிடம் வந்தார்.

"யானைக்கு வெடி கொளுத்திப் போட்டுட்டு வந்தோம் டீச்சர். புள்ளைங்கள அதுக்குள்ள கூட்டிக்கிட்டு வர முடியாது. ஆனா ஒரு ஆளு கொறஞ்சாலும் ஒங்க வேல போயிரும்னு சொன்னீங்களாமே? எம் மக ஒரே அழுக. அதான் நாங்க வந்துட்டோம்."

"வந்து?"

"ஒக்காரப் போறோம்."

சுஜீவனின் தாய் இராசமணி அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். அவருடைய ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்ய வந்தவர்கள். வாய் கொஞ்சம் நீளம். "பிள்ளையளின்ரை இடத்திலை நாங்கள் இருக்கிறம். பாடம் எங்களுக்குத் தெரியும். நீங்கள் பயப்பிடாமல் தொடங்குங்கோ ரீச்சர்."

நான் ஏதும் சொல்வதற்குள் எல்லோரும் போய்த் தங்கள் தங்கள் பிள்ளையின் இடத்தில், முழங்கால் மேசையில் இடிக்க, இருந்துவிட்டார்கள். அதிபர் மேடத்தைப் பார்த்து, "இது வந்து... பெற்றோர் பங்களிப்பு, மேடம்" என்று ஒரு திட்டத்தை அந்த இடத்திலேயே பெற்றெடுத்தார். மேடம் பின்கதிரையில் இருந்து பேனையைத் திறந்தார்.

தப்பி ஓடியிருக்கலாம். ஆனால் சேலை விடாது. நான் கரும்பலகையில் ரன் என்று எழுதி, இதற்கு யார் பொருள் சொல்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டேன். பெருமாள் அண்ணன் எழுந்தார். கையைக் கட்டினார்.

"மை நேம் இஸ் கயல்விழி. ஐ ஆம் எய்ட் இயர்ஸ் ஓல்ட். மை நோஸ் இஸ் ரன்னிங்."

சொல்லிவிட்டு, நான் கயல்விழிக்குப் பழக்கிய அதே அபிநயத்தோடு, தோளில் கிடந்த துவாயால் மீசையோடு சேர்த்து மூக்கைத் துடைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது பாடம். எனக்குத்தான் ஏதோ பொங்கி வந்தது. அது சிரிப்பா அழுகையா என்று இன்றுவரை தெரியாது.

அடுத்தவர் குழாயில் தண்ணீர் ஓடுகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மேடத்தின் பக்கம் திரும்பித் தமிழில் ஒரு பின்னிணைப்பும் சேர்த்தார். "ஆனா எங்கட பக்கம் இன்னும் ஓடேல்லை மேடம். குழாய் மட்டும்தான் கொண்டுவந்து பூட்டினவை." பஸ் வசனம் வந்ததும் பின்னாலிருந்து ஒருவர் அதற்கு என்ன கருத்து என்று கேட்டார். அரை மணித்தியாலத்துக்கு ஒரு பஸ் ஓடுகிறதாம் என்று பக்கத்திலிருந்தவர் விளக்கினார்.

"எந்த ஊரிலை?"

வகுப்பே சிரித்தது. மேடத்தின் பேனை நின்றுவிட்டது. இதற்குமேல் கெடுவதற்கு ஒன்றுமில்லை என்று நான் நினைத்த நேரத்தில் இராசமணி அக்கா எழுந்தார்.

"மை நேம் இஸ் சுஜீவன். ஐ ஆம் எய்ட் இயர்ஸ் ஓல்ட். ரன் மீன்ஸ் ஸ்லீப்." ஒரு மூச்சு எடுத்தார். "மேடம், இது பிழையெண்டு எனக்கு நல்லாத் தெரியும். என்ரை பிள்ளைக்கும் தெரியும். ரீச்சர்தான் பிழையாச் சொல்லச் சொன்னவா. எல்லாப் பிள்ளையளுக்கும் சரியான விடையைக் குடுத்துப்போட்டு, என்ரை பிள்ளைக்கு மட்டும் ஏன் பிழையைக் குடுத்தவா எண்டு கேளுங்கோ!"

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிழையான விடையையும் பழக்கினீங்களோ, ரீச்சர்?"

நான் ஓம் என்று தலையாட்டினேன். பக்கத்து வீட்டு மாமி கண்முன்னே வந்து நின்றார். அப்போதுதான் இராசமணி அக்காவுக்குத் தான் போட்டு உடைத்தது என்ன என்று உறைத்தது. முகம் வெளிறிப்போய், "ஐயோ, நான் பிள்ளைப் பாசத்திலை சொல்லிப்போட்டன்..." என்று இழுத்தார். பெருமாள் அண்ணன் மறுபடியும் எழுந்தார். இந்த முறை கையைக் கட்டவில்லை.

"மேடம், எனக்கு இங்கிலீசு தெரியாது. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். முன்ன எம் மக ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அழுவும். இன்னைக்குப் போக முடியலன்னு அழுவுது. இந்த டீச்சரு வந்ததுக்கு அப்புறம்தான் இப்புடி. அதையும் எழுதிக்குங்க."

மேடம் எதையும் எழுதவில்லை. எழுந்து முன்னால் வந்தார். "சரி, பாடமாக்கினதை விடுங்கோ. ரன் எண்டால் உங்களுக்கு என்ன விளங்குது? நீங்களாச் சொல்லுங்கோ."

"ஓடுறது, மேடம்" என்றார் இராசமணி அக்கா மெதுவாக. "அதை எங்களுக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை. சண்டைக்குள்ளை நாங்கள் ஓடாத ஓட்டமே?"

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். மேடம் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "ஓம். நானும் ஓடினனான். கைக்குழந்தையோடை."

எல்லோருக்கும் தெரிந்த கதைதானே. பெருமாள் அண்ணன் கையை உயர்த்தினார். "டீச்சர், ஒரு சந்தேகம். ஓடி முடிச்சு, ஒரு எடத்துல குந்தி, இதுதான் நம்ம எடம்னு இருக்கோமே. அதுக்கும் ரன்னுதானா?"

"இல்லை அண்ணை" என்றேன். "அதுக்கு வேறை சொல்லு இருக்கு."

"அப்ப மொதல்ல அதச் சொல்லிக்குடுத்திருக்கலாமே?"

அகராதியில் பக்கம் பக்கமாகத் தேடிய எனக்கு அது தோன்றவில்லை. ரன்னை அழித்துவிட்டு 'ஸ்டே' என்று எழுதினேன். எந்த ஒத்திகையும் இல்லை. ஒவ்வொருவராக எழுந்து, தங்கள் சொந்தப் பெயரில், ஐ ஸ்டே ஹியர் என்றார்கள். சிலர் ஸ்டேயை ஸ்ரே என்றார்கள். நான் திருத்தவில்லை.

பாடம் முடிந்து இளநீர் குடிக்கும்போது மேடம் என்னைத் தனியே கூப்பிட்டார். "பிள்ளையள் இல்லாத பாடத்துக்கு நான் ஒண்டும் எழுதேலாது. திரும்ப வருவன், சொல்லிப்போட்டு வரமாட்டன். பிழையான விடையைப் பிள்ளையள் தாங்களாச் சொல்லுவினம். நீங்கள் பழக்கத் தேவையில்லை."

சொன்னபடியே ஒரு சாதாரண நாளில், நான் சாதாரணச் சேலையில் நின்றபோது வந்தார். பிள்ளைகள் அன்று சொந்த முயற்சியில் சொன்ன பிழைகளுக்கு என் கண்ணாடிப் பொறுமை போதவே இல்லை. ஆனாலும் வேலை நிரந்தரமானது. செய்தி கேட்டு, நான் அழுவதற்கு முன்பே இராசமணி அக்கா அழுதார். தான்தான் கெடுத்துவிட்டேன் என்று அதுவரை அவர் சரியாகச் சாப்பிடவில்லையாம். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அடுத்த முறை சுஜீவனுக்குத்தான் முதல் சரியான விடை என்று சத்தியம் செய்தேன்.

கிளிநொச்சிக்கு மாற்றம் கேட்கலாம் என்று பலர் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. எனக்கு ஒன்றென்றால் உழவு இயந்திரத்தில் ஏறிவந்து நிற்கும் ஊரை விட்டுவிட்டு எங்கே போவது? அந்த மனிதர்களுக்கு நான் பட்ட நன்றிக்கடனை எந்த மொழியிலும் எனக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு எனக்குக் கலியாணமாகி, அந்த ஊரிலேயே வீடெடுத்து இருந்தோம். மகள் பிறந்த நாளில் நல்ல மழை. பாதை வெள்ளத்தில் மூடி, என் கணவர் ஆனையிறவுக்கு அங்காலே மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் தாதி பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, "அப்பா ஆர்?" என்று கேட்டிருக்கிறார். இராசமணி அக்காவோடு வாசலில் நின்ற பெருமாள் அண்ணன் முன்னால் வந்தாராம்.

"அவரு வெள்ளத்துல நிக்கிறாருங்க. அவருக்குப் பதிலா நான் வந்திருக்கேன்."

தாதி ஒரு முறை மீசையைப் பார்த்து, ஒரு முறை பிள்ளையைப் பார்த்து, ஒன்றும் புரியாமல் நின்றாராம். "யோசியாதேங்கோ பிள்ளை, எங்கட ஊரிலை இப்பிடித்தான்" என்று இராசமணி அக்கா சொன்ன பிறகே மகள் பெருமாள் அண்ணன் கைக்குப் போனாள்.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் மகளுக்குத் தெரியாமல் வைத்திருக்க முடியவில்லை. இப்போது அவளும் பள்ளிக்கூடம் போகிறாள். பெற்றோர் கூட்டம் என்று அறிவித்தல் வந்தால் என் கணவருக்கு வழக்கம்போல அன்றைக்குத்தான் தலைக்கு மேல் வேலை இருக்கும். அவள் கோபிப்பதே இல்லை.

"பரவாயில்லை அப்பா, நீங்கள் அவசரப்படாமல் ஆறுதலா வேலையைப் பாருங்கோ. நான் பெருமாள் மாமாட்டைச் சொல்லுறன்."

இதைக் கேட்ட மனிதர் அடுத்த நிமிடம் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இன்றுவரை எந்தக் கூட்டத்திலும் முன்கதிரையில் முதல் ஆளாக இருப்பவர் அவர்தான்.