விமான இறக்கையில் என் கையெழுத்து

பொறாமை எனக்குக் காய்ச்சல் மாதிரி வந்து போகிற விஷயம் இல்லை. சர்க்கரை வியாதி மாதிரி எப்போதும் உடம்பிலேயே இருக்கிறது. சரவணனைப் பார்த்தால் ஏறும். அவர் ஊருக்குப் போனால் கொஞ்சம் இறங்கும்.

சரவணன் என் சகலை. என் மனைவி செல்வியின் தங்கை வீட்டுக்காரர். (எழுத்தில்தான் 'அவர், இவர்' எல்லாம். மனசுக்குள் வேறு.) பெங்களூரில் விமானங்களைப் பழுது பார்க்கும் ஒரு பெரிய கொட்டகையில் அவருக்கு வேலை. வயதான விமானங்களின் இறக்கைகளில் விரிசல் விட்டிருக்கிறதா என்று தேடிப் பார்ப்பார். நான் இண்டூரில் தச்சன். நிலை, கதவு, கட்டில் செய்வேன். படிப்பு ஐந்தாவது வரை. நான்கு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்க மாட்டேன். ஐந்தாவது ஆள் வந்தால் அந்த இடத்திலேயே இருக்க மாட்டேன்.

பாப்பாரப்பட்டியில் மாமனார் வீட்டில் கை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான் உண்டு. வேப்பமரத்தில் நானே செய்து கொடுத்தது. ஒன்பது வருடம் அதில் நான்தான் உட்கார்ந்தேன். சரவணன் சின்ன மாப்பிள்ளையாக வந்த மறுவாரமே எனக்கு பிளாஸ்டிக் ஸ்டூல் வந்துவிட்டது. நான் செய்த நாற்காலியில் அவர் சாய்ந்துகொண்டு பேசுவார், சாய இடமில்லாத ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து நான் கேட்க வேண்டும்.

"ரெக்க ஒவ்வொரு தடவ பறக்கறப்பவும் வளைஞ்சு வளைஞ்சு நிமிரும் மாமா. கம்பிய மடக்கி மடக்கி நிமித்துனா என்ன ஆகும்? அதே மாதிரிதான். இருவது வருசம் ஓடுன ப்ளேன்ல ஆணி ஓட்டைக்குப் பக்கத்துல முடி மாதிரி விரிசல் வுடும். அத நாங்க பாக்காம வுட்டா, அது பாட்டுக்கு வளந்துக்கிட்டே போகும்."

"எத்தன உசுரு உங்க கையில" என்று மாமனார் பெருமூச்சு விட்டு மாமியாரைப் பார்ப்பார். மாமியார் ஈரல் வறுவலைச் சரவணன் இலையில் வைப்பார். என் இலைக்குக் கழுத்து எலும்பு வரும்.

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் அவர், "சில எடத்துல தட்டிப் பாத்து, சத்தத்த வச்சே கண்டுபுடிப்போம்" என்று சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. இருபத்தைந்து வருடமாக நான் பலகையை விரல் முட்டியால் தட்டி, சத்தத்தை வைத்துத்தான் நல்லது கெட்டது சொல்கிறேன். அதற்காக யாரும் எனக்கு ஒரு துண்டு ஈரல் வைத்ததில்லை.

அந்த மாசமே மாமனார் பின்பக்கக் கதவுக்குப் பலகை வாங்கினார். நான் தட்டிப் பார்த்து, "நல்லா இருக்குதுங்க மாமா" என்றேன்.

"எதுக்கும் சின்ன மாப்ளையும் வந்து ஒரு தட்டு தட்டிரட்டும்" என்றார் மாமனார்.

அன்றைக்கே முடிவு செய்தேன். சரவணன் கண்ணுக்குத் தப்பிய ஒரு விரிசலை, மாமனார் முன்னால், நான் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும். நாற்காலி தானாகத் திரும்பி வரும்.

அதற்கு வாய்ப்பும் வந்தது. வேலை செய்பவர்களின் குடும்பங்கள் கொட்டகையைச் சுற்றிப் பார்க்க வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அனுமதிப்பார்களாம். மாமனார், மாமியார், செல்வி, ஊருக்கு வந்திருந்த கொழுந்தியாள், நான் என்று எல்லோரும் வேன் பிடித்துக் கிளம்பினோம். ஓசூர் தாண்டும் வரை மாமனார் சரவணனைப் பற்றியே பேசினார். ஓசூர் தாண்டிய பிறகு மாமியார் பேசினார்.

வாசலில் காவலாளி ஒரு தட்டை நீட்டினார். பையில் இருக்கும் எல்லாவற்றையும் அதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். "ஒரு சின்ன திருகாணி உள்ள வுழுந்து காணாமப் போனாக்கூட, அது கெடைக்கிற வரைக்கும் ப்ளேன் கௌம்பாதுண்ணா" என்றார் சரவணன். நான் சாவி, சீப்பு, சில்லறை, பாக்குப் பொட்டலம் எல்லாவற்றையும் வைத்தேன். மஞ்சள் தொப்பி ஒன்று கொடுத்தார்கள். போட்டுக்கொண்டேன்.

தொப்பிக்கு அடியில், வலது காதின் மேல், என் பென்சில் இருந்தது. சத்தியமாக மறைத்து எடுத்துப் போகவில்லை. மூக்கைக் கழற்றித் தட்டில் வைக்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றுமா? எனக்கு அந்தப் பென்சிலும் அப்படித்தான்.

உள்ளே நின்ற விமானத்தின் ஒரு இறக்கை மட்டும் எங்கள் தெரு நீளம் இருந்தது. அதன் அடிப்பக்கத்தைத் தொடுகிற உயரத்துக்கு இரும்பு மேடை போட்டிருந்தார்கள். நான்கு நான்கு பேராக ஏறிப் பார்க்கலாம். சரவணன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடியை வைத்து, எப்படித் தேடுவது என்று காட்டினார். மாமனார் கண்ணாடி வழியாகப் பார்த்து, "ஒண்ணுந் தெரியல மாப்ள" என்றார்.

"ஒண்ணும் இல்லாததாலதான் மாமா தெரியல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

மற்றவர்கள் இறங்கியபோது நான் மட்டும் கடைசியாக நின்றேன். சரவணன் காட்டாத பக்கமாக நான்கு எட்டு நடந்து போய் அண்ணாந்து பார்த்தேன். அங்கே இருந்தது. ஒரு சாண் நீளத்துக்கு, வெள்ளை பெயின்டைப் பிளந்துகொண்டு, மெல்லிய கோடு. என் கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. இந்த விமானத்தில் ஏறுபவர்கள் கதி என்ன என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாற்காலிதான் தோன்றியது.

இப்போது இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். கீழே முப்பது பேராவது இருந்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. கை தானாகக் காதுக்குப் போனது.

தச்சு வேலையில் ஒரு பழக்கம் உண்டு. பலகையில் வெடிப்பு இருந்தால், அது முடிகிற இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதி வைப்போம். ஒரு வாரம் கழித்து வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் அந்தப் பலகை ஆகாது. அதையே செய்தேன். இரண்டு முனையிலும் கோடு போட்டேன். தேதி போட்டேன். பக்கத்தில் 'வெடிப்பு' என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். இதைச் சரவணன் தான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு பயம் வந்தது. அதனால் அதற்குக் கீழே, 'கண்டது: மாதையன், தச்சர், இண்டூர்' என்றும் எழுதிவிட்டு இறங்கி வந்தேன்.

ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அடுத்த கூட்டத்தோடு மேலே போன மேற்பார்வையாளர் அம்மா கன்னடத்தில் கேட்டது கொட்டகை முழுக்கக் கேட்டது.

"யாரு மாடித்ரு இதன்ன?"

யார் செய்தது என்று எழுதித்தான் இருந்தது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சரவணனைக் கூப்பிட்டார். சரவணன் ஏறிப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு மேலேயிருந்து என்னைப் பார்த்தார்.

"அண்ணா, இது பென்சிலா?"

விரிசலைப் பற்றிப் பேசாமல் பென்சிலைப் பற்றிக் கேட்கிறாரே, மழுப்புகிறார் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக முப்பது பேர் முன்னால் வாய் திறந்தேன். "அது வெடிப்பு" என்றேன். குரல் நன்றாகவே வந்தது.

சரவணன் இறங்கி என் பக்கத்தில் வந்து, மெதுவாகத்தான் சொன்னார். "வெடிப்பு இல்லண்ணா. ரெண்டு தகடு சேர்ற எடம் அது. மேல இருக்கிற பெயின்ட்தான் வுட்டிருக்குது. நாங்க அத எழுதி வச்சிருக்கோம். பென்சில்தான் இப்ப பிரச்சன. இந்தத் தகட்டுல பென்சில் கரி பட்டா அங்க அரிக்க ஆரம்பிக்கும். அரிச்ச எடத்துலதான் நெசமாவே விரிசல் வுடும்."

அதாவது, விரிசல் இல்லாத இறக்கையில் விரிசலுக்கு விதை போட்டவன் நான். போட்டதோடு பேரும் ஊரும் எழுதி வைத்திருக்கிறேன்.

மாமனார் சரவணன் பக்கம் திரும்பிக் கேட்டார். "ஏன் மாப்ள, நம்ம வூட்டு வாசக் கதவுலயும் ரெண்டு பலக சேர்ற எடத்துல ஒரு கோடு இருக்குதே. அதுவும் வெடிப்புங்களா?"

அந்தக் கதவைச் செய்தவன் நான்.

செல்வி என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த தீயணைப்புச் சிலிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரவணனை அந்த அம்மா தனியாக அழைத்துப் போனார். எங்களை அழைத்து வந்ததற்குக் கையெழுத்துப் போட்டவர் சரவணன்தான். கண்ணாடி அறைக்குள் அவர் தலைகுனிந்து நிற்பது தெரிந்தது. பல வருடமாக நான் பார்க்க ஆசைப்பட்ட காட்சி. பார்த்தபோது இனிக்கவில்லை. அவர் வேலை போய்விட்டால், அதற்குக் காரணம் என் கையெழுத்து.

உள்ளே போனேன். எப்படிப் போனேன் என்று இன்றும் தெரியவில்லை. கல்லுக்குப் போய் வந்த பழக்கத்தில் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில், "நானே மாடித்து மேடம். அவர்து தப்பில்ல" என்றேன்.

(கல் என்றால் ஓசூர்ப் பக்கத்துக் கல் குவாரி. கல்யாணத்துக்கு முன் அங்கே ஆறு மாதம் வேலை செய்தேன்.)

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேரு, ஊரு எல்லா பரெதித்தீரல்லா" என்றார். பேர், ஊர் எல்லாம்தான் எழுதியிருக்கிறீர்களே என்று அர்த்தம். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

சரவணனுக்கு வேலை போகவில்லை. நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். பிறகு அவரே மேடை ஏறி, ஏதோ திரவத்தால் என் கையெழுத்தை ஒவ்வொரு எழுத்தாகத் துடைத்தார். பேனா மாதிரி ஒரு கருவியை அந்த இடத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்தி, அதோடு ஒயரில் இணைத்த பெட்டியில் தெரிகிற கோடு துள்ளுகிறதா என்று பார்த்தார். ஒரு சாண் இடத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாங்கள் வேனில் உட்கார்ந்து புளிச் சோறு சாப்பிட்டோம். அவர் சாப்பிடவில்லை. திரும்பி வந்ததும், "ஒண்ணும் இல்லண்ணா, வுடுங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவ்வளவு நல்லவனாக வேறு இருக்கிறானே என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. இன்றும் மாமனார் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போது மாமியார் எவர்சில்வர் தட்டோடு வந்து நிற்பார். "மாப்ள, காது" என்பார். நான் இரண்டு காதையும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். நாற்காலியில் சரவணன் இருப்பார். "நீங்க உக்காருங்கண்ணா" என்று எழுந்திருப்பார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொள்வேன்.

போன பொங்கலுக்கு வந்தபோது அவர் ஒரு சேதி சொன்னார். கொட்டகை வாசலில் இருக்கும் பலகையில், சட்டைப் பை, இடுப்பு என்று இருந்த பட்டியலுக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறார்களாம். காதுக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும் என்று.

"எல்லாம் உங்களாலதான்ணா" என்றார்.

வீடே சிரித்தது. மாமனாருக்குப் புரை ஏறிவிட்டது. நான் மெதுவாகச் செல்வியின் பக்கம் சாய்ந்து, "இத்தன வருசமா வேல செய்யறாரே, அவரால ஒரு வரி ஏறியிருக்குதா?" என்று கேட்டேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மாமியார் ஈரல் வறுவலைக் கொண்டு வந்து வழக்கம்போலச் சரவணன் இலையில் வைத்தார். அன்றைக்கு எனக்குச் சர்க்கரை ஏறவில்லை.